தெம்பு வந்த எலி

டாக்டர் ஐரீனின் ஆள்காட்டி விரலிலிருந்து ரத்தம் சொட்டியது. அவரோ சிரித்துக்கொண்டிருந்தார்.

“பாத்தியா செல்லக்கனி? கடிச்சிடுச்சு. போன மாசம் இதுக்குத் தலையைத் தூக்கக்கூடத் தெம்பில்ல.”

எலி கடித்ததற்கு இப்படிச் சந்தோஷப்பட்ட மனுஷி 1954-ஆம் வருஷத்து ராயபுரத்தில் வேறு யாரும் இருந்திருக்க மாட்டார். விரலில் பஞ்சைச் சுற்றிக்கொண்டு எலியை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். காகிதமாய் வெளுத்திருந்த காது எப்படிச் சிவந்திருக்கிறது பார் என்றார்.

செல்லக்கனி கையெடுத்துக் கும்பிட்டாள். டாக்டரையா, எலியையா என்று கேட்டால் அவளுக்கே தெரிந்திருக்காது. அவள் மடியில் மகள் சுருண்டு கிடந்தாள். ஐந்து வயது. பெயர்தான் சிவந்தி, உதடுகூட வெளுத்துப்போயிருந்தது.

துறைமுகத்தை ஒட்டிய பழைய உப்புக் கிடங்கின் மாடியில்தான் டாக்டரின் ஆராய்ச்சிக்கூடம். பிறவியிலேயே ரத்தக் கோளாறு உள்ள எலிகளைக் கப்பலில் வரவழைத்து, வம்சம் வம்சமாக வளர்த்து வந்தார். அவற்றுக்குத் தீனி போடுவது, கூண்டு கழுவுவது, அடையாளத்துக்குக் காதில் வெட்டுப் போடுவது எல்லாம் சிவந்தியின் அப்பன் மாசானத்தின் வேலை.

செல்லக்கனி மாசானத்துக்குச் சொந்த அக்கா மகள். ஒரே குடும்பத்து எலிகளை ஜோடி சேர்த்தால், இரண்டிலும் ஒளிந்திருக்கும் கோளாறு குட்டியில் வெளியே வந்துவிடும் என்று டாக்டர் ஒரு நாள் கூண்டைக் காட்டி விளக்கினார். அன்றிலிருந்து மாசானம் பெண்டாட்டியின் முகத்தை நேரே பார்ப்பதில்லை. பாவம், அவன் என்ன இதையெல்லாம் தெரிந்துகொண்டா தாலி கட்டினான்?

நல்ல எலியின் எலும்பு மஜ்ஜையை எடுத்து, நோய்ப்பட்ட எலிக்கு ஊசியில் ஏற்றுவது டாக்டர் கண்ட வைத்தியம். ஊசி போட்ட எலிகளெல்லாம் செத்துக்கொண்டே வந்தன. ஊசி போடக் கடைசி எலியைக் கையில் எடுத்தபோது டாக்டர் அழுதேவிட்டார். இதுவும் போனால் கூடத்தை இழுத்து மூடச் சொல்லிவிடுவார்கள், அப்புறம் சிவந்திக்கு மாதாமாதம் ரத்தம் ஏற்றக்கூடத் தன்னால் முடியாது என்று மாசானத்திடம் வாய்விட்டுச் சொன்னார். அதே மனுஷி இன்றைக்கு எலிக்கடியோடு நிற்கிறார். தலைகால் புரியவில்லை அவருக்கு.

நியாயமாக, இன்னும் எத்தனையோ எலிகளில் பார்த்த பிறகுதான் மனுஷர் பக்கம் வர வேண்டும். டாக்டருக்கு அது தெரியாதா என்ன? ஆனால் ஏற்றுகிற ரத்தம் சிவந்தியின் உடம்பில் தங்கவில்லை. இந்த மழைக்காலத்தைத் தாண்டமாட்டாள் என்று பார்த்தவர்கள் எல்லாரும் கையை விரித்துவிட்டார்கள்.

செல்லக்கனியின் தம்பி சுயம்புவிடமிருந்து காலையில் எடுத்த மஜ்ஜை ஊசிக்குழாயில் தயாராக இருந்தது. குழந்தையைக் கொண்டு வா என்றார் டாக்டர்.

மாசானம் குறுக்கே வந்து நின்றான். இன்றைக்குச் செவ்வாய்க்கிழமை, வேண்டாம் என்றான். அம்மனுக்கு ஆடிக் கூழ் ஊற்றி முடியட்டும் என்றான். தண்டையார்பேட்டையில் ஒரு சாமியாடி இருக்கிறார், அவரை ஒரு வார்த்தை கேட்டுவிடலாம் என்றான். பேச்சுக்குப் பேச்சு வேட்டியில் கையைத் துடைத்துக்கொண்டான்.

டாக்டருக்குச் சுறுக்கென்று கோபம் வந்தது. இத்தனை வருஷம் இந்தக் கூடத்தில் இருந்தும் இவன் புத்தி இப்படிப் போகிறதே என்று வருத்தமும் வந்தது. செல்லக்கனிக்கு வந்தது கோபம் மட்டும்தான்.

“இன்னா மாமா நீ? ஒரு எலிக்கே உசுரு குட்த்துகீறாங்க. நம்ம புள்ளைக்குக் குடுக்க மாட்டாங்களா?”

“எனக்கு பயமா கீது, கனி.”

“நீ பயந்துகினே குந்து. நான் தூக்கினு போறேன்.”

சொன்னபடியே மகளைத் தூக்கி மேஜைமேல் கிடத்தினாள். சிவந்திக்கு அழக்கூடத் தெம்பில்லை. பக்கத்துக் கூண்டில் சக்கரமாய்ச் சுற்றிக்கொண்டிருந்த எலியையே பார்த்தாள். “நைனா, இதுக்கும் ஊசி போட்டாங்களா?” என்று கேட்டாள்.

மாசானம் அந்தக் கூண்டைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்தான்.

வெளியே துறைமுகத்துச் சங்கு ஊதியது. டாக்டர் குழந்தையின் கையில் ஸ்பிரிட் தடவி, நரம்பைத் தேடிப் பிடித்தார். ஊசிமுனை தோலைத் தொடப் போன சமயத்தில் மாசானம் பாய்ந்து வந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டான். அந்த அம்மாளிடம் நிமிர்ந்துகூடப் பேசியறியாதவன் அவன்.

“கையை விடு மாசானம். எலி பொழச்சதக் கூடவே இருந்து பாத்தவன் நீதானே?”

அவன் பிடி தளரவில்லை. வெகு நாளைக்குப் பிறகு செல்லக்கனியின் முகத்தை நேரே பார்த்தான். அப்புறம் டாக்டரிடம் திரும்பினான்.

“உங்களக் கடிச்சது நான் மாத்தி வெச்ச வேற எலிம்மா. ஊசி போட்டது அன்னிக்கே செத்துப்பூட்ச்சு.”