பதினொரு மணி போன்

பெருந்தொற்றால் சொகுசுக் கப்பல்கள் நின்று எட்டு மாதமாயிற்று. கப்பலில் அறைப் பணியாளனான கணவன் வீட்டோடு கிடந்தான். மனைவி எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வருவதற்குள் படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரித்து, துண்டை அன்னப்பறவையாக மடித்து வைத்துவிடுவான்.

அவளோ தினமும் பதினொரு மணிக்குப் போனோடு மொட்டை மாடிக்குப் போய்விடுவாள். "யாரு போன்ல?" என்றால், "ஒரு நல்ல மனுஷன்" என்பாள். அவனுக்கு வயிறு எரிந்தது. இன்று பூனை போலப் பின்னாலேயே ஏறினான்.

"சார், என்னால இனி ஒருநாள்கூடத் தாங்க முடியாது. எப்பதான் கூட்டிட்டுப் போவீங்க?" என்று அவள் கெஞ்சிக்கொண்டிருந்தாள்.

"எவன்டி அவன்?" போனைப் பிடுங்கிக் காதில் வைத்தான்.

"அம்மா, கப்பல் எப்போ கிளம்பும்னு கம்பெனிக்கே தெரியலை. கிளம்பினா உங்க வீட்டுக்காரரைத்தான் முதல் ஆளா ஏத்துவோம். அழாதீங்க!"