பஞ்சுக் குச்சி

"எனக்குப் பிள்ளை இப்ப வேணாம் டாக்டர். அவரோட சேரும்போது வலிக்குது, அத முதல்ல நிறுத்துங்க." இதை மட்டும் வாய்விட்டுக் கேட்டுவிடாதே என்று மாமியார் படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மூன்று வருடமாகச் சுடர்க்கொடியின் கர்ப்பப்பையைத்தான் ஆளாளுக்கு ஸ்கேன் எடுத்தார்கள். வலிக்கிறதா என்று ஒரு நாய்கூடக் கேட்கவில்லை. இந்த டாக்டரம்மா மாமியாரை வெளியே உட்காரச் சொல்லித் திரையை இழுத்துவிட்டார். பஞ்சுக் குச்சியால் மெல்லத் தொட்டுத் தொட்டு, "இங்கயா? இங்க?" என்று கேட்டார். சுடர்க்கொடி கண்ணை மூடினாள். இருட்டில் கிடந்த ஊருக்குள் யாரோ வீடு வீடாக விளக்கேற்றிக்கொண்டு போவதுபோல் இருந்தது. "இல்ல... இல்ல..." ஒரு வீட்டில் சுரீரென்றது. "இங்கதான்!" என்று கத்தியவளுக்குச் சிரிப்பு வந்தது. "தசை பயந்து இறுகியிருக்கும்மா. மருந்து இருக்கு, பயிற்சி இருக்கு. குணமாகுற வரைக்கும் அவரை விலகியிருக்கச் சொல்லு." வெளியே வந்ததும் மாமியார் காதோரம் குனிந்தாள். "என்னம்மா, நல்ல சேதி எப்பவாம்?" "இப்பவே அத்தை. இன்னையிலேர்ந்து நான் தனியாத்தான் படுப்பேன்." "மெதுவாப் பேசுடி, மானம் போகுது! அவன்கிட்ட நான் என்னன்னு சொல்ல?" "வலிக்குதுன்னு நானே சொல்லிக்கிறேன்," என்றபடி அவள் படியிறங்கினாள்.