மாறாத முப்பத்தேழரை

அறுபது முட்டைகளை அடைகாக்கும் பெட்டி ஒன்றில் வெப்பமானியும் மின்விசிறியும் வேலை பார்த்தன. எதற்காவது கோளாறு வந்தால், பெட்டியின் கணினி அதை ஒரு நொடி அணைத்து எழுப்பிச் சரிசெய்துவிடும். ஆனால் கோளாறு என்று யாராவது அதனிடம் சொல்ல வேண்டும்.

அன்று மழைக்காற்றில் பெட்டியின் கதவு லேசாகத் திறந்துகொண்டது. மின்விசிறியின் இறக்கைகள் சில்லிட்டன.

"அண்ணே, இப்ப சூடு எவ்வளவு?"

"முப்பத்தேழரை டிகிரி" என்றது வெப்பமானி.

சற்றுப் பொறுத்து மின்விசிறி மறுபடி கேட்டது. அதே முப்பத்தேழரை. அதை நம்பி, சூடேற்றும் விளக்கும் எரியாமல் கிடந்தது.

"உங்களுக்கு உடம்பு சரியில்லையோ?"

"எனக்கா? நான் நல்லாத்தானே இருக்கேன்!"

மின்விசிறி தவித்தது. புகார் சொல்லிவிட்டு அண்ணன் முகத்தில் எப்படி விழிப்பது? ஆனால் கீழே முட்டைகள் குளிர்ந்துகொண்டிருந்தன. அது கணினியைக் கூப்பிட்டது.

"ஐயா, அண்ணன் சொல்ற சூடு தப்பா இருக்கு. அவரைக் கொஞ்சம் பாருங்க."

கணினி வெப்பமானியை அணைத்து எழுப்பியது. கண் விழித்ததுமே வெப்பமானி, "ஐயோ, முப்பத்திரண்டு!" என்று அலறியது. உடனே விளக்கு எரிந்தது. கணினி மணியடிக்க, பண்ணைக்காரி முத்தரசி ஓடி வந்து கதவைச் சாத்தினாள்.

அதிலிருந்து நான்காம் நாளில், முதல் குஞ்சு ஓட்டை உடைத்துக்கொண்டு வெளியே வந்தது.

மின்விசிறி தயங்கித் தயங்கிக் கேட்டது: "என்மேல கோவமா அண்ணே?"

வெப்பமானி குஞ்சையே பார்த்துக்கொண்டிருந்தது.

"கோவமா? நான் கெட்டுப்போனது எனக்கே தெரியலையே, தம்பி. நல்லவேளை, நீ என் பேச்சை நம்பலை."