வயிற்றுக்குள் விட்ட குழாய்

லாரிக்காரன் வீல் ஸ்பேனரை ஓங்கி இறக்கியதில் வரவேற்பு மேஜையின் கண்ணாடி சுக்குநூறானது. அடுத்த அடி கம்ப்யூட்டருக்கு. காத்திருந்த நோயாளிகள் அலறிக்கொண்டு வாசலுக்கு ஓடினார்கள்.

சத்தம் கேட்டு வந்த டாக்டரைச் சட்டையோடு கொத்தாகப் பிடித்துச் சுவரில் மோதினான்.

"கிட்னி கல்லை எடுக்குறேன்னு என் தம்பி வயித்துக்குள்ள குழாயை மறந்துட்டு அனுப்பிட்டியேடா! ஒரு வருஷமா அதுமேல கல்லு கட்டி, இன்னைக்கு ஒரு கிட்னியே போச்சு!"

எக்ஸ்ரே படத்தால் டாக்டரின் முகத்திலேயே அறைந்தான்.

"மறக்கலீங்க. சிறுநீர் அடைக்காம இறங்கட்டும்னு நாங்கதான் வெச்சோம். மூணு வாரத்துல வந்து எடுத்துக்கணும்னு..."

முடிப்பதற்குள் வாயில் குத்து விழுந்தது. பல் ஒன்று தெறித்தது.

"யார்கிட்ட சொன்னே? அவன் வாயில்லாப் பூச்சி. எதுன்னாலும் எனக்குத்தான் ஃபோன் பண்ணணும்னு அன்னைக்கே நம்பர் எழுதிக் குடுத்தேன்ல? ஒரு தடவை கூப்பிட்டீங்களாடா?"

மேஜைக்கடியில் பதுங்கியிருந்த நர்ஸ், நெற்றியில் வழிந்த ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு தம்பியின் ஃபைலைப் புரட்டினாள். ஆஸ்பத்திரி ஃபோனை இழுத்து, அதிலிருந்த எண்ணை அழுத்தினாள்.

"இது பதினெட்டாவது தடவைண்ணே."

லாரிக்காரனின் சட்டைப்பையில் மணி அடித்தது.

ஓங்கிய கையை இறக்காமலே, மறு கையால் எடுத்துப் பார்த்தான். வண்டி ஓட்டும்போதெல்லாம் யாரோ கூப்பிட்டு உயிரை வாங்குகிறார்களே என்று, ஒரு தடவைகூட எடுத்துப் பேசாமல் போன வருஷம் அவனே பதிந்து வைத்த பெயர், திரையில் மின்னிக்கொண்டிருந்தது.

'தொல்லை.'