சட்டைப்பையில் இருந்த குரல்

இரண்டு பெட்டிகளும் தயாராக இருந்தன. எந்தப் பெட்டியில் யார் என்பதுதான் தெரியவில்லை.

டீச்சர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பிணவறை வாசலருகிலேயே நின்றாள்.

சுரங்கப்பாதை இடிந்து, தண்ணீர் புகுந்து, பல வாரங்கள் கழித்து வெளியே எடுத்த உடல்கள். முகம் என்று சொல்ல எதுவும் மிச்சமில்லை. ஒரே கம்பெனி உடுப்பு, ஒரே பூட்ஸ், கிட்டத்தட்ட ஒரே உயரம். ஒருவர் போலந்துக்காரர், ஒருவர் மங்கோலியர். தோண்டும் இயந்திரத்தை ஓட்ட வந்தவர்கள்.

பரிசோதனைக்கூடத்து முடிவு வர மாதக்கணக்காகும் என்றார் பிணவறை டாக்டர். அதுவரை பொறுக்கக் கம்பெனிக்கு மனமில்லை. விமானத்தில் இடம் பிடித்தாயிற்று. சொந்த ஊரில் ஒருவருக்காக மனைவி காத்திருக்கிறாள், இன்னொருவருக்காக அம்மா.

உருப்படியாகக் கிடைத்தது ஒன்றே ஒன்று. ஓர் உடலின் சட்டைப்பையில், பிளாஸ்டிக் உறையில் நன்றாகச் சுற்றி வைத்திருந்த ஒலிப்பதிவுக் கருவி. கட்டைவிரல் பருமன்தான் இருக்கும். காயவைத்துப் போட்டுப் பார்த்தால் பேசியது.

என்ன மொழி என்று கண்டுபிடிக்க ஃபோனைக் கேட்க வைத்தார்களாம். ஒரு தரம் போலிஷ் என்றது, மறு தரம் கையை விரித்துவிட்டது. எப்படியும் ஃபோன் வந்து கையெழுத்துப் போடப்போவதில்லை. அதனால்தான், வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு நம் மொழி சொல்லிக்கொடுக்கும் டீச்சரை வகுப்பின் பாதியில் கூட்டிவந்திருந்தார்கள். விரலில் சாக்பீஸ் தூள்கூடப் போகவில்லை.

கம்பெனி அதிகாரி கடிகாரத்தைப் பார்த்தபடியே பேசினார்.

"அர்த்தமெல்லாம் வேணாம் மேடம். போலிஷா மங்கோலியனா, அதை மட்டும் சொல்லிடுங்க."

அவளுக்கு இரண்டுமே பேச வராது. ஆனால் காதுக்குப் பழக்கம். போலிஷில் மெய்யெழுத்துகள் காலை நேரத்து பஸ்ஸில் ஏறுகிறவர்களைப் போல ஒன்றை ஒன்று இடித்துக்கொண்டு வரும். ஷ், ச், ஸ் என்று ஓயாத உரசல். மங்கோலியத்தில் உயிரெழுத்துகள் நீளும், ஒரு சொல்லுக்குள் ஓரினமாகப் பார்த்துச் சேரும். ல வரும்போது நாக்கின் ஓரத்தில் காற்று கசியும். வினைச்சொல் நம்முடையதைப் போலவே வாக்கியத்தின் கடைசியில் வந்து உட்காரும். வகுப்பில் மங்கோலியர் யாராவது சேர்ந்தால் டீச்சருக்குப் பாதி வேலை மிச்சம். போலந்துக்காரர்களோடு மல்லுக்கட்ட வேண்டும்.

டாக்டர் கருவியை அழுத்தினார்.

ஓர் ஆண் குரல். நிதானமாக ஒரு வரி. பிறகு அமைதி. அதே வரி மறுபடியும். மறுபடியும் அமைதி. அதன்பின் அடுத்த வரி.

ஜெபம் போல இருக்கிறது என்றார் டாக்டர். குழந்தைக்குச் சொல்கிற கதையாக இருக்கும் என்றார் அதிகாரி. அவருக்கும் பிள்ளைகள் இருக்க வேண்டும், கொஞ்ச நேரம் கடிகாரத்தை மறந்துவிட்டார்.

டீச்சர் கைக்குட்டையை இறக்கிவிட்டுக் காதைக் கிட்டே கொண்டுபோனாள். மண்ணுக்கடியில் மாட்டிக்கொண்டு, பாவி மனுஷன் மூச்சு வாங்கி வாங்கிப் பேசுகிறான் என்று பட்டது. அழுகையை அடக்கிக்கொண்டு இன்னொரு முறை போடச் சொன்னாள். உரசல் இருந்தது. இடித்துக்கொண்டு வரும் மெய்கள் இருந்தன. போலிஷுக்கே உரிய மாதிரி, கடைசிக்கு முந்தின அசையில் தவறாமல் அழுத்தம் விழுந்தது.

"போலிஷ்தான். சந்தேகமே இல்ல."

அதில் தவறே இல்லை. அது போலிஷ்தான்.

கையெழுத்துப் போட்டாள். கருவி கிடைத்த உடலின் பெட்டியில் போலந்து விலாசத்தை ஒட்டினார்கள், மற்றதில் மங்கோலிய விலாசம். திறக்கக் கூடாது என்று இரண்டுக்கும் சீல் வைத்தார்கள். வண்டி கிளம்பிப் போனது.

அவளைத் திரும்பக் கொண்டுவிட்ட அதிகாரிக்கு இப்போது பெரிய பாரம் இறங்கியிருந்தது. வழியெல்லாம் பேசினார். இரண்டு பேரும் ஒரே அறையாம். முகாமில் தன் பாஷை பேச வேறு ஆளே கிடையாதாம் இருவருக்கும். ஆரம்பத்தில் கையையும் காலையும் ஆட்டிப் பேசுவார்களாம், அப்புறம் என்னத்தைப் பேசினார்களோ, அறையில் எப்போதும் சிரிப்புச் சத்தம்தானாம். நல்ல மனுஷர்கள் என்று உச்சுக்கொட்டினார்.

வகுப்பில் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். கொத்தனார், சமையல்காரர், லாரி ஓட்டுகிறவர் என்று பத்துப் பதினைந்து பேர். டீச்சர் முகம் கழுவிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து பிடித்தாள்.

எனக்குத் தண்ணீர் வேண்டும் என்றாள். நிறுத்தினாள். அவர்கள் சொன்னார்கள்.

எனக்குத் தண்ணீர் வேண்டும் என்று மறுபடியும் சொன்னாள். நிறுத்தினாள். அவர்கள் மறுபடியும் சொன்னார்கள்.

நான் வீட்டுக்குப் போக வேண்டும் என்றாள். நிறுத்தினாள்.

நிறுத்திய இடத்திலேயே நின்றுவிட்டாள்.

அந்தக் குரல் மூச்சு வாங்கவில்லை. எதிரே இருப்பவன் திரும்பச் சொல்வதற்காக நிறுத்தி நிறுத்திப் பேசியிருக்கிறது. அவளே தன் மாணவர்களுக்கு இப்படித்தான் பதிந்து கொடுத்தனுப்புகிறாள், போகவர வழியில் கேட்டுப் பழகட்டும் என்று.

தாய்மொழிப் பாடத்தைப் பத்திரமாகச் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு எவனும் வேலைக்குப் போகமாட்டான். பேசியவர் போலந்துக்காரர். பையில் வைத்திருந்தவர், படித்துக்கொண்டிருந்தவர்.

விமானம் இந்நேரம் கிளம்பியிருக்கும். அந்த அம்மா தன் மகன் என்று யாருடைய புருஷனையோ கட்டிக்கொண்டு அழப்போகிறாள்.

"ஐயோ" என்றாள் டீச்சர், வாய்விட்டு.

வகுப்பு மொத்தமும் அவள் முகத்தையே பார்த்து, உச்சரிப்புப் பிசகாமல், அதைத் திரும்பச் சொன்னது.