சமதரையில் விழுந்த மாப்பிள்ளை

"வாங்க, வாங்க! ஏறிப் பாருங்க! பெட்ரோல் எங்கட, ஆசை உங்கட! மைதானத்துக்குள்ள ஓட்டுறதுக்கு லைசன்கூடக் கேட்க மாட்டோம்!"

காமில் என்ற கொழும்புக் கம்பனி ஆள் ஒலிபெருக்கியில் கத்தக் கத்த, பதுளை மைதானம் நிரம்பி வழிந்தது. கப்பலில் வந்து இறங்கிய ஜப்பான் மோட்டார் சைக்கிள்கள் வரிசையாக மினுமினுத்தன. பசறையிலிருந்தும் பூனாகலையிலிருந்தும் பஸ் பிடித்து வந்திருந்தார்கள். வாங்க வந்தவர்கள் கொஞ்சப் பேர்தான். தொட்டுப் பார்க்க வந்தவர்களே அதிகம்.

வாங்க வந்தவர்களில் புடவைக் கடை மஹ்ரூப்பும் ஒருவர். பாவம், அவர் ஆசைப்பட்டு வரவில்லை.

மகள் பலீலாவின் கல்யாணம் பேசி முடிந்த பிறகு, மாப்பிள்ளையின் தகப்பன் நஸீர் ஹாஜியார் மெல்ல ஒரு வார்த்தையைப் போட்டிருந்தார்.

"மகனுக்கு ஒரு பைக். வேறொண்டும் கேட்க மாட்டோம்."

அந்த ஒன்றுக்கே மஹ்ரூப் கடையை விற்றாக வேண்டும். வாங்க ஆளும் பார்த்தாயிற்று; அந்தப் பேச்சு பூனாகலை வரைக்கும் எட்டியிருந்தது. இன்றைக்கு மாப்பிள்ளை பைக்கைத் தேர்ந்தெடுத்தால் நாளைக்குக் கடை கைமாறும்.

மாப்பிள்ளை ஸரூக்குக்குப் பூனாகலைத் தோட்டத்து ஆபீசில் வேலை. வந்ததிலிருந்து ஒவ்வொரு பைக்காகத் தடவிக்கொண்டே நின்றார். குனிந்து என்ஜினைப் பார்த்தார், சீட்டை அமுக்கிப் பார்த்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட முகத்தில் இத்தனை வெளிச்சம் இல்லை. கொஞ்சமாவது வெட்கம் வேண்டாமா என்று மஹ்ரூப்புக்கு வயிறு எரிந்தது.

"மாப்பிள்ளைக்கு ஓட்டத் தெரியுமா, ஹாஜியார்?"

"என்ட மகனுக்கு என்ன தெரியாது? நீங்க பாருங்களேன்!"

ஸரூக்குக்கு முன்னால் வரிசையில் நின்றவன் சின்னராசா. அதே தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்பவன். ஏறினான், ஒரே உதை, பறந்தான்! மைதானத்தைச் சுற்றி வந்து, ஓரத்து மேட்டிலும் ஏற்றி இறக்கிக் காட்டினான். கூட்டம் விசிலடித்தது.

"ஆகா, வண்டியா இது! குதிரைங்க, குதிரை!" என்றபடி இறங்கியவன், ஸரூக்கைக் கண்டதும் வாயெல்லாம் பல்லாக ஏதோ சொல்ல வந்தான். ஸரூக் காதில் வாங்காமல் சட்டென்று அவன் கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டார்.

"அது வேணாம் மகன், இருக்கிறதுல பெரிசா ஒண்டு எடு!" ஹாஜியாரின் குரல் மைதானத்துக்கே கேட்டது.

"முதல்ல இதப் பார்ப்போம் வாப்பா."

ஸரூக் உதைத்தார். கிளம்பவில்லை. மறுபடி உதைத்தார். கிளம்பியது, துள்ளியது, நின்றது. கூட்டத்தில் ஒரு சிரிப்பு.

அடுத்த முறை பைக் உறுமிக்கொண்டு பாய்ந்தது. நேராகப் போகாமல் இப்படியும் அப்படியும் வளைந்து வந்தது. ஆட்கள் சிதறினார்கள். கடலை விற்றவர் தட்டைத் தலையில் தூக்கிக்கொண்டு ஓடினார்.

"பிரேக்கைப் புடிங்க! பிரேக்கு!" காமில் அலறினார்.

மேடு இல்லை, பள்ளம் இல்லை, எதிரே ஈ காக்கை இல்லை. புல் அடர்ந்த சமதரையில் மாப்பிள்ளை தொப்பென்று விழுந்தார்.

மைதானமே விழுந்து விழுந்து சிரித்தது. பதறி ஓடிய காமில் முதலில் பைக்கைத்தான் தடவிப் பார்த்தார்.

"நல்ல காலம், வண்டிக்கு ஒரு கீறல்கூட இல்ல."

ஆளுக்குத்தான் முழங்கை தேய்ந்திருந்தது. வெள்ளைச் சட்டை முழுக்கப் புல்லும் மண்ணும். அப்படியும் எழுந்து, "வாப்பா, இன்னொரு தரம் ஓடிப் பார்க்கட்டா? அந்தப் பெரிய பைக்குல..." என்றார்.

"வாய மூடு! ஊரே சிரிக்குது!" ஹாஜியார் சீறினார். "ஒத்த மகன் எனக்கு. பண்டாரவளை வளைவுல போய் விழுந்தா யார் பதில் சொல்றது? மஹ்ரூப், பைக் பேச்சை இதோட விட்டுடுங்க."

"அப்ப... அதுக்குப் பதிலா என்ன?" மஹ்ரூப் மெல்லக் கேட்டார்.

"பதிலும் வேணாம், ஒண்டும் வேணாம்! உங்கட மகள் இவனைக் கைகால் முறியாமப் பார்த்துக்கிட்டாலே போதும்!"

மகனை இழுத்துக்கொண்டு ஹாஜியார் பஸ்ஸுக்கு நடந்தார்.

கடை தப்பியது! மஹ்ரூப்புக்கு அங்கேயே ஓடிக் குதிக்கலாம் போலிருந்தது. யா அல்லாஹ், யா அல்லாஹ் என்று நெஞ்சைத் தடவிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் வேறொரு கவலை வந்தது. சமதரையில் விழுகிற இந்தப் பிள்ளையை நம்பியா மகளைக் கொடுக்கிறோம்?

மைதான வாசலில் பிளேன்டீ குடித்துக்கொண்டு நின்றான் சின்னராசா.

"தம்பி, நீ நல்லா ஓட்டின. எங்கட மாப்பிள்ளை உங்கட தோட்டத்துலதான் வேலை. அவருக்கும் கொஞ்சம் பழக்கிக் குடேன்."

சின்னராசாவுக்குப் புரையேறியது.

"அவருக்கு நானா? நல்லாச் சொன்னீங்க மொதலாளி! ஆபீஸ் பைக்குல எனக்குப் பழக்கி விட்டதே அவருதாங்க. அடை மழையில, வழுக்குற மலை ரோட்டுல, பின்னால ஆளையும் ஏத்திக்கிட்டு அசையாமப் போவாரு. அவரு விழுந்து நான் இன்னிக்குத்தாங்க பாக்குறேன்!"