அவனுடைய முப்பது

"கண்ணை மூடிக்கிட்டு, காலைச் சேர்த்து வச்சு, முப்பது செகண்ட் ஆடாம நில்லுங்க." பிசியோதெரபிஸ்ட் ஸ்டாப்வாட்சை அழுத்தினாள்.

பக்கத்தில் நின்ற கணவன் ஸ்டாப்வாட்சை எட்டிப் பார்த்தான். மனைவிக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ் என்ற நரம்பு நோய் வந்த நாளிலிருந்து, தினமும் காலையில் அவளை இப்படி நிற்கவைத்து எண்ணுவது அவன்தான். அவள் மனசு விட்டுவிடக் கூடாதே என்று கடகடவென்று எண்ணிவிடுவான். அவனுடைய முப்பது, கடிகாரத்தில் பதினெட்டுதான்!

பதினெட்டு தாண்டியது. பிடிக்கத் தயாராகக் கைகளை நீட்டினான். இருபத்தைந்தில் தள்ளாடினாள், விழவில்லை.

"முப்பது! பிரமாதம்!"

வெளியே வந்ததும், "எப்படிடி நின்னே?" என்றான்.

"உங்க அவசர எண்ணிக்கை எனக்குத் தெரியாதா? முப்பதுன்னு சொல்லிட்டு நீங்க அடுப்படிக்கு ஓடுவீங்க. மிச்சம் பன்னெண்டை நானே எண்ணிட்டுதான் கண்ணைத் திறப்பேன்."